பெயர் போட வேண்டாம் என்றவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த மடல் இரண்டு வருடம் தாமதம். என் இசைத்தட்டு அலமாரி நிறையட்டும், அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். போன வாரம் கடைசி உறையும் உள்ளே போய்விட்டது. இனி சாக்கு இல்லை.

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் 'தேங்க்யூ'வை ஒரு நாளைக்கு இருபது முறை சொல்கிறேன். காபி தருபவரிடம், கதவைப் பிடித்துக்கொள்பவரிடம், பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநரிடம். அதே சொல்லை உங்களுக்கும் நீட்ட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது வரி வரியாகப் படித்து அர்த்தம் சொல்கிறேன்.

2021 செப்டம்பர் 1 இரவு நியூயார்க்கில் என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஐடா புயலின் மிச்சம் எங்கள் மேல் கொட்டியது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 80 மில்லிமீட்டர் மழை. அந்த இரவில் நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் இருந்தவர்கள். பெரும்பாலும் எங்கள் குயின்ஸ் பக்கத்து மனிதர்கள். நாங்கள் மாடியில் இருந்ததால் பிழைத்தோம். பேஸ்மென்ட்டில் சாமான்கள் மட்டும்தான் இருந்தன. தரையில் இருந்த வடிகால் துளை வழியாகத் தண்ணீர் மேலே பொங்கி வந்து, நெஞ்சு உயரம் வரை நின்றது.

அங்கே இரண்டு பெட்டி நிறைய என் இசைத்தட்டுகள். அறுபது இருக்கும். அவற்றில் பத்து, டாக்கிங் ஹெட்ஸ் என்ற நியூயார்க் ராக் குழுவுடையவை.

அடுத்த தெருவில் உயிரே போயிருக்கும்போது, எனக்கு ரெக்கார்டு நனைந்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வாய் வரவில்லை. மறுநாள் மதியம் நடந்தே போய், நான் வழக்கமாகப் போகும் இசைத்தட்டுக் கடையின் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டுக் குத்திவிட்டு வந்தேன். "சாக்கடைத் தண்ணீரில் நனைந்த டாக்கிங் ஹெட்ஸ் தட்டுகளை எப்படிச் சுத்தம் செய்வது? தெரிந்தவர்கள் அழைக்கவும்." அவ்வளவுதான். தட்டு வேண்டும் என்று கேட்கவில்லை. ஆள் வேண்டும் என்றும் கேட்கவில்லை.

இந்தக் குழுவோடு எனக்கு உறவு வந்த கதையை உங்களில் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். 1999-இல் குயின்ஸுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். அட்டைப்பெட்டியில் ஒரு கறுப்பு உறை. படம் இல்லை. தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமும். பல்லவன் பஸ் படிக்கட்டில் அடித்திருப்பார்களே, கால் வழுக்காமல் இருக்க ஒரு தகடு, அச்சு அசலாக அதே. ஊர் ஞாபகத்தில் ஒரு டாலர் கொடுத்து வாங்கினேன். உள்ளே இருந்தது 1979-இல் வந்த 'ஃபியர் ஆஃப் மியூசிக்'. அந்த உறையை வடிவமைத்தவர் குழுவில் கீபோர்டும் கிட்டாரும் வாசித்த ஜெர்ரி ஹாரிசன் என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஊசியை வைத்தால் முதல் பாட்டில் ஒரு சொல் புரியவில்லை. என் ஆங்கிலம்தான் போதவில்லை என்று நினைத்து வெட்கப்பட்டேன். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது ஆங்கிலமே இல்லை. ஹூகோ பால் என்ற கவிஞர் முதல் உலகப்போர்க் காலத்தில் எழுதிய, எந்த மொழியிலும் பொருள் இல்லாத ஒலிக் கவிதையை எடுத்து அதற்கு ஆப்பிரிக்கத் தாளம் போட்டிருந்தார்கள். இந்த நாட்டில் எல்லாருக்கும் புரிந்து எனக்கு மட்டும் புரியாதவை எத்தனையோ இருந்தன. யாருக்குமே புரியாத ஒன்று கிடைத்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதல் அழைப்பு அன்று மாலையே வந்தது. ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா நீங்கள். பெயரைக்கூடச் சொல்லாமல் நேரே கேட்டீர்கள்: "காய வைத்துவிட்டீர்களா?" இல்லை என்றேன். "நல்லது. காய விடாதீர்கள்." நான் அப்போது என் மனைவியின் ஹேர் டிரையரைக் கையில் வைத்திருந்தேன். சத்தியமாக.

தட்டு பிளாஸ்டிக், அது தண்ணீரைக் குடிக்காது, உறைதான் குடிக்கும், நனைந்த காகிதம் தட்டின் மேலேயே காய்ந்தால் ஒட்டிக்கொண்டு பிறகு வரவே வராது, சூடு காட்டினால் தட்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும் என்று வரிசையாகச் சொன்னீர்கள். கையுறை போடச் சொன்னீர்கள். இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும் என்று பயமுறுத்தினீர்கள். மறுநாள் காலை காய்ச்சி வடித்த தண்ணீர் கேன்களோடு வாசலில் வந்து நின்றீர்கள். நடுவில் இருக்கும் லேபிள் நனையாமல் தட்டைப் பிடிப்பது, வரிப்பள்ளத்தின் போக்கிலேயே மென்துணியை ஓட்டுவது, பாத்திரம் காயவைக்கும் கம்பித் தட்டில் ஒவ்வொன்றாக நிறுத்துவது எல்லாம் உங்கள் பாடம். என் சமையலறையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் நாலு நாள் இசைத்தட்டுகள் காய்ந்தன. அறுபதில் ஐம்பத்திரண்டு பிழைத்தன. இந்தக் குழுவின் பத்தில் நான்குதான். மேல் பெட்டியில் இருந்தவை பிழைத்தன, பிடித்ததையெல்லாம் அடிப் பெட்டியில் வைத்தது என் புத்தி.

அந்தப் பெட்டிகளை மேலே கொண்டுவந்தது யாழ்ப்பாணத்துத் தம்பி. தம்பி, அன்று நீங்கள் வேனோடு வந்தது பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜைத் தூக்க. என்னைப் பார்த்துவிட்டு நின்றீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணை, இதைக் கழுவித்தான் கேக்கப் போறியளோ?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. காசு வாங்கவில்லை. இவ்வளவு பாட்டையும் கேட்டுவிட்டு, இந்தக் குழுவில் ஒரே ஒரு பாட்டுத்தான் தேறும் என்று இன்றுவரை சாதிக்கிறீர்கள். அது எந்தப் பாட்டு என்று இங்கே எழுதினால் மற்றவர்கள் உங்களை விட மாட்டார்கள், அதனால் விடுகிறேன்.

அப்புறம்தான் எதிர்பாராதது ஆரம்பித்தது. போன தட்டுகளுக்குப் பதில் தட்டுகள் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தவர் சப்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். ஃபாரஸ்ட் ஹில்ஸ்காரர். ரமோன்ஸ் என்ற பங்க் ராக் குழு உங்கள் பேட்டைப் பையன்கள் என்ற பெருமை உங்களுக்கு. அவர்களைக் கேட்கத்தான் 1975 ஜூனில் பௌரி தெருவில் இருந்த சிபிஜிபி மதுக்கூடத்துக்குப் போயிருக்கிறீர்கள். பெயரில் இருக்கும் எழுத்துகளுக்கு கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்று பொருள். நாட்டுப்புற இசைக்கென்று திறந்த கடையில் பங்க் இசை குடியேறிவிட்டது. ரமோன்ஸுக்கு முன்னால் பாட வந்தது பெயர் கேள்விப்படாத மூன்று பேர். டேவிட் பைர்ன், டீனா வேமௌத், கிறிஸ் ஃபிரான்ட்ஸ். ரோட் ஐலண்ட் ஓவியக் கல்லூரியில் பழகியவர்கள், பக்கத்துக் கிறிஸ்டி தெருவில் ஒரே மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள். ஹாரிசன் சேர்ந்தது பிறகு.

"எல்லாரும் தோல் ஜாக்கெட்டில் இருந்தார்கள். இவர்கள் மட்டும் வேலைக்கு நேர்காணலுக்கு வந்த மாதிரி தலை சீவிக்கொண்டு நின்றார்கள்" என்றீர்கள். ரமோன்ஸைக் கேட்கப் போனவர் டாக்கிங் ஹெட்ஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியதை நீங்கள் நடித்துக் காட்டியபோது, என் மகள் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தாள். பங்க் என்றாலே ரேடியோக்காரர்கள் ஒதுங்கியதால் ரெக்கார்டு கம்பெனிகள் 'நியூ வேவ்' என்று பெயரை மாற்றி விற்றதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். "சரக்கு ஒன்றுதான், சீட்டு வேறு." அது முழுக்கச் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. சீட்டு ஒட்டிய பிறகு சரக்கும் மாறியது. அதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்வோம்.

நீங்கள் கொடுத்தது அவர்களின் முதல் தட்டு, 1977 செப்டம்பரில் வந்தது. செக்கச் செவேல் உறை. கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டீர்கள்: அலமாரியில் வைத்துப் பார்க்கக் கூடாது, கேட்க வேண்டும்.

பாஸ் கிட்டார் வாசிக்கும் நர்ஸ் அக்கா, நீங்கள் இரவுப் பணி முடித்து, தூங்காமல் நேரே வந்தீர்கள். அதுவும் எந்த நேரத்தில்! கோவிட் காலம் முடியாமல், ஆஸ்பத்திரியில் உயிரை விட்டு உழைத்துக்கொண்டிருந்தீர்கள். டீனா வேமௌத் இல்லாவிட்டால் பாஸைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்றீர்கள். குழுவுக்கு பாஸ் வாசிக்க ஆள் கிடைக்காமல், அதுவரை அதை வாசித்தே இராத டீனாவைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். பாஸ் வாசித்துக்கொண்டே பாடும் சூசி குவாட்ரோவின் தட்டுகளைக் கேட்க வைத்து ஊக்கம் கொடுத்தவர் கிறிஸ் ஃபிரான்ட்ஸ். பிறகு இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். டீனா நிறைய சுரங்களை வாசிக்க மாட்டார், வாசிக்காமல் விடும் இடத்தில்தான் பாட்டு ஆடுகிறது என்று நீங்கள் வாசித்தே காட்டினீர்கள். அதற்கு முன்பு இருபது வருடம் கேட்டும் எனக்கு அது காதில் விழவில்லை.

நீங்கள் தந்த 1978 தட்டின் உறையில் நால்வரின் உருவமும் 529 போலராய்டு புகைப்படங்களை ஒட்டிச் செய்தது. உண்மையிலேயே 529 இருக்கிறதா என்று நீங்களும் என் மகளும் எண்ண உட்கார்ந்தீர்கள். முந்நூறைத் தாண்டியதும் கணக்குத் தப்பி, இருவரும் தோசை சாப்பிடப் போய்விட்டீர்கள். அந்தத் தட்டில்தான் ஆல் கிரீனின் பழைய பாட்டை எடுத்துப் பாடியிருப்பார்கள், என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போ என்று. பேஸ்மென்ட் நாற்றம் போகாத வீட்டில் அதைப் போட்டால் வேறு என்ன செய்வது, எல்லாரும் சிரித்தோம். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு.

இனி அந்த மாணவத் தம்பி. பத்தொன்பது வயது. பெரியவர் இந்தக் குழுவை நேரில் பார்த்தவர், நீங்கள் குழு கலைந்து பத்து வருடத்துக்கு மேல் கழித்துப் பிறந்தவர். இருவரும் என் சோபாவில் உட்கார்ந்து சரிக்குச் சரி வாதாடியதைப் பார்த்தவன் நான். 1980-இல் வந்த 'ரிமெய்ன் இன் லைட்' உங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது, பகுதி நேர வேலையில் சேர்த்த காசில் வாங்கியது. அதை எடுத்து நீட்டினீர்கள். நான் வாங்க மறுத்தேன். மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டீர்கள்.

எனக்கு இந்தக் குழுவின் தட்டுகளில் இதற்கு மேல் ஒன்றில்லை. பஹாமாஸ் தீவில் நசாவு நகரத்து ஸ்டுடியோவில், பாட்டு எழுதிக்கொண்டு போகாமல், எல்லாரும் கூடி வாசித்து, வாசித்ததில் நல்ல துண்டுகளை எடுத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கிச் செய்தது. தயாரிப்பாளர் பிரையன் ஈனோ நைஜீரியாவின் ஃபெலா குட்டியின் இசையில் மூழ்கியிருந்தார், பைர்னையும் இழுத்துப் போட்டார். ராகம் மாறாது, ஒரே இடத்தில் நின்றுகொண்டு தாளம் மட்டும் உள்ளுக்குள் கிளை விடும். உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதில் ஒரு பாட்டில் பூமிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நடுத்தர வயதுக்காரன் ஒருவன் திடீரென்று விழித்து, இந்த வீடு என்னுடையதா, நான் எப்படி இங்கே வந்தேன் என்று கேட்பான். வெள்ளத்துக்கு முன்பு அதைத் தத்துவப் பாட்டு என்று நினைத்திருந்தேன்.

பிரச்சினை எங்கே வந்தது தெரியுமா? உறையில். எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு டேவிட் பைர்ன், பிரையன் ஈனோ என்று மட்டும் எழுத்தாளர் பெயர் அச்சாகி வந்தது. அதாவது மற்றவர்களின் உழைப்பு உறைக்குள் ஒளிந்துவிட்டது. டீனாவும் கிறிஸ்ஸும் ஜெர்ரியும் அதை மறக்கவில்லை. 1991-இல் குழு முடிந்துவிட்டது என்பதை மூவரும் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாக கிறிஸ் சொல்லியிருக்கிறார். பிறகு 'ஹெட்ஸ்' என்ற பெயரை மற்ற மூவரும் பயன்படுத்தக் கூடாது என்று பைர்ன் வழக்குக்கே போனார், அப்புறம் சமரசம் ஆனது. யார் செய்ததற்கு யார் பெயர் வர வேண்டும் என்பதில்தான் அத்தனையும். பைர்ன் மேல் எனக்குக் கொள்ளை ஆசை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் நான் மூவர் பக்கம். மாணவத் தம்பி பைர்ன் பக்கம். அவர் இல்லாமல் ஏது இந்தப் பாட்டு என்பார். நர்ஸ் அக்கா அப்போது எழுந்து பாஸ் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொள்வார். வாதம் அதோடு முடிந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், நன்றி மடல் எழுதப்போகிறேன் என்று சொன்னவுடன் நீங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது ஒன்றே: "என் பெயரைப் போடாதீர்கள்." பெயருக்காக உடைந்த குழுவின் ரசிகர்கள்! சரி, போடவில்லை. ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பதை எழுதாமல் விட மாட்டேன். பொத்தாம்பொதுவாக 'உதவிய நல்லுள்ளங்கள்' என்று எழுதினால் நானும் அந்த உறையை அச்சடித்தவன் ஆகிவிடுவேன்.

கனடாவில் ஹாமில்டனில் இருந்து பார்சல் அனுப்பியவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. கடைப் பலகைச் சீட்டை யாரோ படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 1982-இல் வந்த இரட்டை நேரலைத் தட்டு, நடுவில் ஒரு கைக்கடிதம். 1980 ஆகஸ்டில் டொராண்டோவுக்கு வெளியே மோஸ்போர்ட்டில் நடந்த ஹீட்வேவ் விழாவில், நால்வர் குழு ஒன்பது பேராக விரிந்து முதல் முறை மேடையேறியபோது நீங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள். ஆட்கள் மேடைக்கு வந்துகொண்டே இருந்தார்கள், எண்ணி முடிப்பதற்குள் ஆட ஆரம்பித்துவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது.

1983-இன் 'ஸ்பீக்கிங் இன் டங்ஸ்' கொண்டுவந்தது அந்தத் தம்பதி. வீட்டைக் கொளுத்திவிடலாம் என்ற பாட்டு அதில்தான், அமெரிக்காவில் முதல் பத்துக்குள் நுழைந்த அவர்களின் ஒரே பாட்டு. அண்ணி அதோடு, ஓவியர் ராபர்ட் ராஷென்பர்க் வடிவமைத்த, ஒளி ஊடுருவும் தட்டும் சுழலும் வண்ண வட்டங்களும் கொண்ட பதிப்பையும் கொடுத்தார். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு என் முகத்தோல் தடிமன் இல்லை. 1985, 86 தட்டுகள் கடைக்காரர் உபயம், பாதி விலை என்று சொல்லி முழுதும் வாங்க மறுத்தார். 86 தட்டில் இருக்கும் ஒரு பாட்டின் தலைப்பில் இருந்துதான் ரேடியோஹெட் குழு தன் பெயரை எடுத்தது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். சொல்லட்டும். 1988-இன் கடைசித் தட்டும், கறுப்பு 'ஃபியர் ஆஃப் மியூசிக்'கும் வெள்ளத்தில் பிழைத்த என் சொந்தத் தட்டுகள். உறை மட்டும் கூழாகிவிட்டது. அதற்குப் பழுப்புக் காகிதத்தில் உறை தைத்து, தமிழில் பெயர் எழுதியது என் மகள். பல்லவன் பஸ் தகடு போச்சே என்று இருந்தவனுக்கு, போன வாரம் காப்பக அம்மா வெறும் உறை மட்டும் ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார். அதுதான் மேலே சொன்ன கடைசி உறை. மகளின் பழுப்புக் காகிதத்தையும் எறியவில்லை. இப்போது அதற்கு இரண்டு சட்டை.

ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் உங்களுக்கு முதல் முறை தோசை வாங்கிக் கொடுத்த நாளில், கேன்டீன் கோயிலின் பேஸ்மென்ட்டில் இருக்கிறது என்றதும் எல்லாரும் ஒரு நொடி படியில் தயங்கினீர்களே! இந்தக் கோயிலின் குடமுழுக்கும் 1977-தான் என்று சொன்னேன். பெரியவர் சாம்பாரை மூன்று முறை வாங்கிக்கொண்டு, அந்த வருடம் குயின்ஸில் நல்லது இரண்டு நடந்திருக்கிறது என்றார்.

2023 இலையுதிர்காலத்தில் எல்லாரும் சேர்ந்து 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' பார்க்கப் போனோமே, அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1983 டிசம்பரில் ஹாலிவுட் பேன்டேஜஸ் அரங்கத்தில் நடந்த கச்சேரிகளை ஜோனதன் டெமி எடுத்த படம், அப்போது புதுப்பித்து மறுபடி வந்தது. செப்டம்பரில் டொராண்டோ விழாவில் நால்வரும் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள் என்ற செய்தியை அக்கா எனக்கு அனுப்பியபோது நடுராத்திரி. வாசிக்கவில்லை, பேசினார்கள், அவ்வளவுதான். அதற்கே நீங்கள் அழுதிருந்தீர்கள்.

படம் காலி மேடையில் தொடங்கும். பைர்ன் ஒரு கேசட் பிளேயரைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகப் பாடுவார். இரண்டாவது பாட்டுக்கு டீனா வருவார். மூன்றாவதுக்கு டிரம்ஸை உருட்டிக்கொண்டு வருவார்கள், கிறிஸ். நான்காவதுக்கு ஜெர்ரி. அப்புறம் பாட ஆட்கள், தாளத்துக்கு ஆள், கீபோர்டுக்கு பெர்னி வொரல். மூன்றாவது பாட்டின்போது நான் திரையைப் பார்க்காமல் நம் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துத் தம்பி, ஒரே பாட்டுத்தான் தேறும் என்றவர் நீங்கள், நாலாவது பாட்டுக்கெல்லாம் எழுந்து இடைவழியில் ஆடிக்கொண்டிருந்தீர்கள். சாட்சி ஆறு பேர்.

வரும் ஞாயிறு காலை பதினோரு மணிக்குக் கேன்டீன், பிறகு வீடு. பெரியவரின் நிபந்தனைப்படி முதல் தட்டில் இருந்து ஆரம்பிக்கிறோம். உறையைச் சாப்பிட்ட கையால் தொடக் கூடாது.

இன்னொன்று. தட்டுகள் காய்ந்த அந்தக் கம்பித் தட்டு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. யாருடையது என்று இரண்டு வருடமாகக் கேட்கிறேன், எல்லாரும் தன்னுடையது இல்லை என்கிறீர்கள். அதற்காவது பெயர் சொல்லுங்கள்.

அன்புடன்,
குயின்ஸில் இருந்து உங்கள் நனைந்த ரெக்கார்டுக்காரன்